டேமேஜ் பாக்கெட் யார் வாய்க்குப் போகிறது?

பதினொரு வருஷம் நொறுக்குத்தீனி லைனில் ஓடியவன் நான். வத்தலக்குண்டில் சரக்கு ஏற்றினால் பெருமாள்மலை, கொடைக்கானல் என்று கடை கடையாகப் போட்டுக்கொண்டே போவேன். மலை ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே குறைந்துவிடும். பாக்கெட்டுக்குள் அடைத்த நைட்ரஜன் வெளியே முட்டும். வண்டிக்குள் ‘டப்’ என்று கேட்டால் ஒன்று போச்சு என்று தெரியும். சத்தமில்லாமல் மயிரிழை அளவு வாய்விடுகிறதே, அதுதான் ஆபத்து. என் கண்ணுக்கும் தெரியாது, கடைக்காரர் கண்ணுக்கும் தெரியாது.

‘காற்றை விற்கிறான்’ என்று கேலி பேசுகிறோம். அந்தக் காற்று போனால் ஆக்சிஜனும் ஈரமும் உள்ளே வரும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அதன் பிறகு மேலே அச்சடித்த தேதிக்கு அர்த்தமே இல்லை.

நமுத்த சிப்ஸ் ஒன்றைத் தின்றதால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட மாட்டார்கள். நான் பயப்படுவது வேர்க்கடலைக்கு. ஈரம் ஏறிய கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுதாக ஒழியாது, ஈரலைக் கெடுக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்தது எலி. அது வாய் வைத்த பாக்கெட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். காய்ந்த பண்டத்திலும் அது வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மலைமேல் ஒரு பெட்டிக்கடை அக்கா, எலி கடித்த கடலை பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, ஆக்சா பிளேடில் மடித்து, மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்தேன். கைப்பழக்கம் அவ்வளவு சுத்தம், தையல் நூல் பிடித்த மாதிரி இருந்தது. “என்னக்கா இது?” என்றேன். “நீ டேமேஜ் எடுத்துக்கிட்டா நான் எதுக்குத் தம்பி ஒட்டப்போறேன்?” என்றார்.

எடுக்கக் கூடாது என்பது எனக்கு ஏஜென்சி போட்ட உத்தரவு. பத்து ரூபாய் பாக்கெட்டில் அவருக்கு நிற்பது ஒரு ரூபாய்ச் சொச்சம். ஒன்றைக் குப்பையில் போட்டால் ஏழெட்டு பாக்கெட் விற்ற லாபம் காலி. அதனால் ஒட்டியதைப் பாதி விலைக்குக் கொடுப்பார். பாதி விலைக்கு வாங்க வருவது யார்? கையில் ஐந்து ரூபாயோடு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைதான்.

‘பார்த்து வாங்குங்கள்’ என்று ஜனங்களுக்குச் சொல்வதெல்லாம் சரி. ஏழு வயசுப் பிள்ளை எதைப் பார்க்கும்? கடைக்காரர் காட்டும் டேமேஜைக் கம்பெனி மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும். அவர் கண்ணெதிரே வெட்டிக் கொட்டிவிட்டு, அடுத்த பில்லில் கழிக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் பெட்டிக்கடையோடு நிற்காமல், ஏஜென்சி குடோனுக்குள் போய் டேமேஜ் கணக்கைக் கேட்கட்டும்.

அன்றைக்கு மனசு கேட்காமல், அந்தப் பாக்கெட்டை என் கைக்காசு பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அடுத்த வாரம் போனபோது, அக்கா எனக்கென்று மூன்று எடுத்து வைத்திருந்தார்.