அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் வீட்டுத் திரையரங்கமும்



புதுமனை கட்டும் நம்மவர் சிலர் நிலவறையில் ஹோம் தியேட்டர் அமைக்கின்றனர். அங்கே பார்க்கப்படுபவை ஆகுமானவையா என்பது தனி விவாதம். நாம் எழுப்புவது வேறொரு கேள்வி: அந்த அறையின் ஓசை யாருடைய காதில் விழுகிறது?

"என் வீடு, என் பணம், யார் கேட்பது?" என்கின்றனர். அண்டை வீட்டார் கேட்பார். இங்கே கேட்காவிடினும் மறுமையில் கேட்பார். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருடன் அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் பணிக்கிறது. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், உரத்து ஓதி ஒருவருக்கொருவர் இடையூறு செய்வதைத் தடுத்தார்கள் என அபூதாவூத் பதிவு செய்கிறது. குர்ஆன் ஓதும் குரலுக்கே வரம்பு உண்டெனில், திரைப்படத்தின் துப்பாக்கிச் சத்தத்திற்கு விதிவிலக்கு ஏது?

"சுவரெங்கும் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கிறோமே" என்போரும் உளர். ஸ்பாஞ்சு அறைக்குள் எழும் எதிரொலியையே குறைக்கும். ஓசை வெளியேறுவதைத் தடுக்காது. அதற்குக் கனமான இரட்டை ஜிப்சம் பலகை, உள்ளே ராக்வுல், இடுக்கில்லாத கதவு ஆகியன வேண்டும். சுவரைத் துளைத்துப் பதிக்கும் ஸ்பீக்கரோ, பின்புறம் மூடிய பெட்டி இல்லையெனில், அச்சுவரையே ஓசைக்கு வாசலாக்கிவிடும். சப்வூஃபரின் அதிர்வு கட்டடத்தின் வழியே பரவுவது. அது ஒட்டிய சுவரைக் கடந்து அடுத்த வீட்டையும், மேல்தளத்தில் உறங்கும் நம் வயோதிகத் தாயின் கட்டிலையும் எட்டும்.

ஓசையை அடைக்கச் செய்யும் செலவை நாம் வீண்விரயம் என்று சொல்லமாட்டோம். திரைக்கும் ஸ்பீக்கருக்கும் இலட்சங்களைக் கொட்டிவிட்டு, அண்டை வீட்டாரின் உரிமையைக் காக்கும் அடைப்பில் மட்டும் சிக்கனம் பார்ப்பதையே கண்டிக்கிறோம்.

"எவரும் முறையிடவில்லையே" என்பது இன்னொரு சாக்கு. மௌனம் சம்மதமன்று. நம்மிடம் கடன் பெற்றவர், நம் கடையில் பணிபுரிபவர், கணவரை இழந்து இத்தாவில் இருப்பவர் ஆகியோர் நம் கதவைத் தட்டி எவ்வாறு முறையிடுவர்? குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பிட்டுள்ளன. எவரும் புகார் அளிக்கவில்லை என்பதால் அந்த வரம்பும் நீங்கிவிடாது. அடியார்களின் ஹக்கும் நீங்கிவிடாது.

ஆகவே, கட்டுமுன் விவரமறிந்த பொறியாளரிடம் கேட்போம். கட்டிய பின் படத்தை ஓடவிட்டு, அடுத்த வீட்டிற்குச் சென்று நம் காதாலேயே கேட்டறிவோம். அடைக்க வசதியில்லையெனில் ஹெட்போன் போதும். இன்னொன்றையும் மறவற்க: ஓசை வெளியேறாத அறைக்குள் பாங்கோசையும் நுழையாது. வக்து தவறாதிருக்க அங்கே ஒரு கடிகார மணியேனும் ஒலிக்கட்டும்.

பிறர் ஹக்கைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.