மரத்துக்கும் முட்டுக் கொடுத்து

கம்போடியாவின் சியெம் ரீப் போய்வந்தவர்களின் கைபேசியில் ஒரு படம் தப்பாமல் இருக்கும். தா ப்ரோம் கோயிலின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மெழுகு உருகி வழிந்ததுபோலக் கல்லின்மீது வேரை இறக்கியிருக்கும் மரம்; அதன் கீழே பல் தெரியச் சிரித்தபடி இவர்கள். 2001இல் வந்த ‘டூம் ரெய்டர்’ படத்தில் ஏஞ்சலினா ஜோலி இங்கே நடமாடியதிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. வேரை மிதித்துவிடாமலிருக்கப் பலகையில் மேடை கட்டியிருக்கிறார்கள். வரிசையில் நின்று, ஏறி, சிரித்து, இறங்க வேண்டும். நானும் சிரித்தேன்.

எனக்குப் பிடித்தது படத்தில் விழாத பக்கம். கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனால் இரும்புக் கால்கள் தெரியும். சுவருக்கு முட்டு, உத்தரத்துக்கு முட்டு, மரத்துக்கும் முட்டு. மரத்தை வெட்டினால் சுவர் சரியும். விட்டால் வேர் பருத்துக் கல்லைப் பிளக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டுவது, கம்போடியாவின் அப்சரா ஆணையத்தோடு சேர்ந்து, நம் இந்தியத் தொல்லியல் துறை.

அந்தக் காடே ஓர் ஏற்பாடுதான். போன நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் மற்ற பெரிய கோயில்களைச் சுற்றியிருந்த காட்டை வெட்டித் துப்புரவாக்கியபோது, பழைய கோலத்தைக் காட்டவென்று தா ப்ரோமை விட்டுவைத்தார்கள். நடக்க வழி விட்டு, விழப்போவதைத் தாங்கிப் பிடித்து, மீதியைக் காடாகவே பராமரித்தார்கள். ஏழாம் ஜெயவர்மன் 1186இல் இதைக் கட்டியபோது வைத்த கல்வெட்டோ வேறு கதை சொல்கிறது. வளாகத்துக்குள் 12,640 பேர். அதில் நடனமாடுகிறவர்கள் மட்டும் 615. 3,140 ஊர்கள் இந்தக் கோயிலுக்குப் படியளந்தன. இத்தனை பேர் புழங்கிய இடத்தில் கிளிச் சத்தம்கூடக் கேட்டிருக்காது.

அங்கோரைக் ‘காட்டுக்குள் தொலைந்துபோன நகரம்’ என்று சுற்றுலா ஆட்கள் இன்னும் விற்கிறார்கள். 1860இல் அன்ரி முவோ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து கண்டுபிடித்தாராம். அவர் வந்தபோது அங்கோர் வாட்டில் பிக்குகள் குடியிருந்தார்கள். அதற்கும் இருநூறு ஆண்டுக்கு முன்பே, 1632இல், ஜப்பானிலிருந்து புத்தரைக் கும்பிட வந்த ஒருவர் அங்கே தூணில் மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். தொலைந்துபோன கோயிலுக்குக் கடல் தாண்டி யாத்திரை வருவார்களா?

ஆட்கள் எப்போதும் இருந்தார்கள் என்பதற்கு எனக்கு வாய்த்த சாட்சி, என்னை ரெமோர்க்கில் ஏற்றிக்கொண்டு சுற்றிய இளைஞர். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் வண்டி பூட்டியதுதான் ரெமோர்க். அவர் பிறந்தது கோயில் பகுதிக்குள் இருந்த ஒரு கிராமத்தில். அவருடைய அம்மா அங்கோர் வாட்டுக்குப் பக்கத்தில் இளநீரும் பனைவெல்லமும் விற்றாராம். 2022இல் அரசு அங்கிருந்தவர்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. ஏறத்தாழ 10,000 குடும்பங்கள். அங்கோருக்கு 1992இல் கிடைத்த உலகப் பாரம்பரியத் தகுதி கைநழுவிவிடும் என்று காரணம் சொன்னார்கள். யாரையும் வெளியேற்றச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை என்றது யுனெஸ்கோ. எல்லோரும் விரும்பித்தான் போனார்கள் என்றது அரசு. கட்டாயப்படுத்தித்தான் அனுப்பினார்கள் என்று 2023இல் அறிக்கை விட்டது அம்னெஸ்டி. கோயிலைச் சுற்றிக் கண்டபடி வீடு கட்டவிட்டால் கோயிலுக்குக் கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் வேர் எது, களை எது என்று மரத்தின் விஷயத்தில் இவ்வளவு யோசித்தவர்கள் மனிதர் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் நுழைவுச் சீட்டு எனக்கு 37 டாலர். கம்போடியர்களுக்கு இலவசம். அதனால் ரெமோர்க் இளைஞர் தினமும் உள்ளே வரலாம், பயணி கிடைத்தால்.

வெளியே அனுப்பியவர்களுக்கு ருன் தா ஏக் என்ற இடத்தில் 20 மீட்டருக்கு 30 மீட்டர் மனை கொடுத்தார்கள். கூரைக்குத் தகரமும் கொஞ்சம் பணமும் உண்டு. அங்கே அம்மா கடை போடவில்லையா என்று கேட்டேன். போட்டாராம். பக்கத்து மனையிலும் கடை, எதிர் மனையிலும் கடை. எல்லோருமே கோயிலடியில் கடை வைத்திருந்தவர்கள். யார் வாங்குவார்கள் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.