சாவிக்கொத்தும் எலி மூளையும்

மக்களே, இது கொஞ்சம் கோவத்துல எழுதற பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க.

மாசித் திருவிழாவுக்கு நத்தம் போயிருந்தேன். பூக்குழி அன்னைக்கு, மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கு நடுவுல என் சித்தி பொண்ணுக்கு வலிப்பு வந்துடுச்சு. பத்து செகண்டுல எங்கிருந்துதான் வந்துச்சோ, நாலு சாவிக்கொத்து. ஒருத்தர் பல்லுக்கு நடுவுல கரண்டியை விடப் பார்த்தாரு. நான் அவளை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கப் போனா, "தள்ளி நில்லுப்பா எஞ்சினியரு, இரும்பு குடுத்தாத்தான் நிக்கும்"னு அதட்டல். ஒண்ணரை நிமிசத்துல நின்னுச்சு. சாவிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, எங்க மேனேஜர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ராத்திரி திண்ணையில, எலி மூளைத் துண்டுல வலிப்பை எப்படி ஆராயறாங்கன்னு நான் படிச்சதைச் சொன்னேன். நாலெழுத்து படிச்ச மாமா ஒருத்தர் சிரிச்சாரு. "எலி மூளையை நறுக்க கவர்மெண்டு காசா? சாவிக்குச் செலவே இல்லையேடா." எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப வாய் அடைச்சுப் போச்சு, இப்ப சொல்றேன்.

மாமா, அந்தத் துண்டு 0.4 மில்லிமீட்டர் கனம். நாலஞ்சு தலைமுடியை அடுக்கின மாதிரி. உப்பெல்லாம் சரியா கலந்த திரவத்துல போட்டு, 95 சதவீதம் ஆக்சிஜனும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் குமிழ் விட்டுக்கிட்டே இருந்தா பல மணி நேரம் உயிரோட இருக்கும். நரம்பணுக்கள்ல என்எம்டிஏ ஏற்பின்னு ஒரு கதவு. அதுல மெக்னீசியம் தக்கை மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கும். திரவத்துல இருந்து மெக்னீசியத்தை எடுத்துட்டா தக்கை கழண்டு, அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்துல கும்மியடிக்க ஆரம்பிச்சுடும். வலிப்பு மாதிரியே மின் அலை. கொஞ்ச நேரம் ஓடும், தானா நிக்கும், சில நிமிசம் கழிச்சுத் திரும்ப வரும்.

தானா நிக்கும். கவனிச்சீங்களா? அந்தத் துண்டுக்குக் கையே கிடையாது மாமா, சாவியை எங்க குடுப்பீங்க?

முக்கால்வாசி வலிப்பு ரெண்டு மூணு நிமிசத்துல தானாவே அடங்கிடும். நீங்க சாவி குடுத்தாலும் சரி, சாமியாடினாலும் சரி. அஞ்சு நிமிசம் தாண்டினா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆனா கரண்டி விட்டா பல்லு உடையும், அது நிச்சயம்.

துண்டுல பார்த்ததெல்லாம் அப்படியே மனுசனுக்குப் பொருந்தும்னு நான் சொல்லலை. ஃபெனிடாயின் மாத்திரை 1930-கள்ல பூனைகள்கிட்ட சோதிச்சு வந்தது, துண்டுல இருந்து வரலை. எலி பாவம்னு சொல்றவங்ககூடவும் எனக்குச் சண்டை இல்லை, பாவம்தான். ஆனா முழு மூளைக்குள்ள எந்தத் தக்கை எங்க கழண்டுச்சுன்னு தேடறது, லட்சம் வரி புரோகிராமை லைவ் சர்வர்ல வச்சு டீபக் பண்ற மாதிரி. தனியா எடுத்துப் பார்த்தாத்தான் விளங்கும். பெங்களூரு ஐஐஎஸ்சியில எலியோட நரம்பணுக்களைத் தட்டுல வளர்த்து, வலிப்பு நிலைக்குப் போனா அதுங்களோட நெட்வொர்க் அமைப்பே குலைஞ்சு போகுதுன்னு 2007-ல காட்டினாங்க.

நம்ம பக்கத்துக்கே வர்றேன். வேலூர் மாவட்டத்துல எடுத்த ஆய்வு 2006-ல வந்துச்சு. வலிப்புக்காரங்கள்ல சுமாரா மூணுல ஒருத்தருக்குக் காரணம் மூளைக்குள்ள போய் உக்காந்த நாடாப்புழுக் குஞ்சு. "பன்னிக்கறி திங்கறவனுக்குத்தானே"ன்னு கிளம்பாதீங்க. மனுசக் கழிவுல இருக்கற முட்டை தண்ணி, காய்கறி வழியா சைவத்துக்கும் வரும். இந்தக் குஞ்சு எப்படி வலிப்பைக் கிளப்புதுன்னு கேப்டவுன் ஆளுங்க எலி மூளைத் துண்டு மேலயும், ஆபரேசன்ல எடுத்த மனுச மூளைத் துண்டு மேலயும் சோதிச்சு 2023-ல எழுதினாங்க. அதுக்குள்ள இருக்கற குளூட்டமேட்டே நரம்பணுவை உசுப்பி விடுதாம். வேலூர்க்காரனோட வியாதிக்கு எலித்துண்டுல ஒரு விடை. இதுக்குக் காசு தண்டமா மாமா?

சரி, சித்தி பொண்ணுக்கு அன்னைக்கு ஏன் வந்துச்சு தெரியுமா? பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு ஒரு வாரமா மாத்திரையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாங்க. டக்குனு நிறுத்தினா வரத்தான் செய்யும். வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு வக்கீலுக்குப் படிச்ச ஒருத்தரே சித்திகிட்ட சொல்லியிருக்காரு. இந்து திருமணச் சட்டத்துல 1976-ல சேர்த்த அந்த வார்த்தையை 1999-லயே தூக்கிட்டாங்க சார்!

வந்தவங்க கூட்டத்துல நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டு, காப்பிகூட குடிக்காம கிளம்பிட்டாங்க. மறுநாள் காலையில அவளே பானையில கையை விட்டு மாத்திரையை எடுத்து, எல்லார் முன்னாடியும் போட்டுக்கிட்டா. மாமா பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தாரு.

டிஸ்கி: அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "அரிசிப் பானையையும் எழுதுண்ணே"ன்னா.