வண்டுக்கு இருந்த மதிப்பு

வெளுப்புக் கிறீம்களில் பாதரசம் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள் என்று அதிகாரிகள் மறுபடியும் பொதுமக்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? மலையகத்துப் பூண்டுலோயாவிலிருந்து குவைத்துக்கும் ரியாத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பெட்டியில் வரும் டப்பாவில் அரபு எழுத்து இருக்கும், உருது இருக்கும், சில வேளை தாய்லாந்து எழுத்தும் இருக்கும். மூன்றையும் படிக்கத் தெரிந்தாலும் பயனில்லை. பாதரசம் கலக்கிறவர் அதை மேலுறையில் அச்சடிப்பதில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஊறாதபடி நொதியை அது முடக்கிவிடுவதால் சில வாரங்களில் முகம் வெளுக்கும், வெயிலில் விழுந்த மங்கும் மங்கும். நல்ல கிறீம் என்று பக்கத்து லயத்திலும் பெயர் வாங்கிவிடும். ஆய்வுகூடம் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய நஞ்சை, கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இதே மலையிலிருந்து வெளியே போகும் தேயிலையின் கதை வேறு. 2015இல் கிளைபொசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டபோது தோட்டங்கள் எம்சிபிஏ என்ற வேறொன்றைத் தெளித்தன. ஜப்பான் அதற்கு வைத்திருந்த எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எச்சம் அதைத் தாண்டியதும் கொழும்பு பதறியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபொசேட் திரும்பி வந்தது. அதற்குச் சற்று முன், 2017 டிசம்பரில், ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் ஒரு கப்ரா வண்டு இருந்தது. ஒரே ஒரு வண்டு. ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. தூதுக்குழு பறந்தது. ரஷ்யாவை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று அங்கிருந்து வரும் அஸ்பெஸ்டஸுக்கான தடையைக்கூட அரசாங்கம் தள்ளிவைத்தது. வெளுப்புக் கிறீம்களிலோ, கிலோவுக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டிய பாதரசத்தைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. இரண்டும் வேறு வேறு நஞ்சு, ஒப்பிடலாமா என்று விஞ்ஞானிகள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஜப்பானியர் குடிக்கும் தேயிலையில் பொறுக்கப்படும் அளவைப்போல் பத்து இலட்சம் மடங்கு, அந்தத் தேயிலையைப் பறித்த கை தடவும் கிறீமில் இருக்கலாம். அதற்காக எந்தத் தூதுக்குழுவும் எங்கும் பறக்கவில்லை.

வெறும் பயமுறுத்தல் என்பவர்களுக்குக் கேரளம் பதில் சொல்கிறது. வளைகுடாவோடு நம்மைப் போலவே பின்னிக்கிடக்கும் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் வைத்தியசாலை ஒன்றுக்கு 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரே வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். கால் வீங்கியிருந்தது, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிறீம் பூசியவர்கள். நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். ஆய்வு 2024இல் சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு முன்னரே, 2023இல், கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகளில் இறங்கிவிட்டது. 22 பேர் ஒரு கணக்கா என்று கேட்பவர்கள், இங்கே எத்தனை பேர் என்று தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். பாதரசம் பூசியவரோடு நிற்பதும் இல்லை. தலையணைக்கும் துவாய்க்கும் ஒட்டும், ஆவியாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அது குழந்தையையும் விடாது.

இலங்கைச் சட்டம் என்ன செய்கிறது? 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே ஒப்பனைப் பொருட்கள், சாதனங்கள், ஔடதங்கள் சட்டம். முதல் சொல்லே ஒப்பனைப் பொருட்கள். 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வந்து அதை நீக்கியது. ஔடதத்துக்கும் சாதனத்துக்கும் இடம் கிடைத்தது, முதல் சொல் காணாமல் போனது. இரண்டே வருடத்தில், 2017இல், பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை ஏற்றுக்கொண்டது. இப்படியும் ஒரு நாடு. அழகுப் பொருளில் துளி பாதரசமும் சேர்க்கக்கூடாது, 2025க்குள் எல்லாம் ஒழிய வேண்டும் என்று 2023இல் ஜெனீவாவில் அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கடைகளைச் சோதிக்கிறது, நல்லதுதான். ஆனால் பெட்டியில் வந்து கையோடு கை மாறுவது கடைப் படியே ஏறுவதில்லையே.

எதைப் பூசுவது என்பது பெண்ணின் சொந்த விருப்பம் என்கிறது ஒரு தரப்பு. உள்ளே இருப்பது தெரியாமல் என்ன விருப்பம்? வெள்ளைத் தோல் மோகத்தை ஒழித்தால் எல்லாம் சரியாகும் என்கிறது இன்னொன்று. மோகம் ஒழிய நூறு வருடம் எடுக்கும். சுங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை எழுத ஒரு பிற்பகல் போதும். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் எல்லாம் நஞ்சில்லை, நல்ல சன்ஸ்கிறீமும் வருகிறது என்பது உண்மை. அதற்காக வாசலைத் திறந்து போட முடியாது. கனமான வாதம் ஒன்றுதான் உண்டு: தோல் வைத்தியரைப் பார்க்க நகரத்துக்குப் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும், பஸ் காசும் போய்விடும், நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடவே 2021 வரை போராடியவர்களுக்கு டப்பா மலிவு. ஆகவே தோல் வைத்தியரைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது அரசின் கடமை. மாதம் ஒரு நாள் தோட்ட வைத்தியசாலையில் தோல் கிளினிக் நடக்கட்டும். மருந்தாகப் பதியப்படாத எந்த வெளுப்புக் கிறீமும், ஒருவர் தனக்கென்று கொண்டுவரும் ஒற்றை டப்பாவானாலும், கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாண்டக்கூடாது. மலையகத்து வாக்கில் பாராளுமன்றம் போனவர்கள் அடுத்த அமர்விலேயே சுகாதார அமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டும்.