பீரோவுக்குப் பின்னால் குடியிருப்பது யார்?

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு நாள், வீட்டுப் பத்திரத்தை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தால், ஓரம் அரித்த தாள்களுக்கு நடுவிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி வழுக்கிக்கொண்டு ஓடும். உடனே கை ஸ்பிரேயைத் தேடும். ஓடியது செத்துவிடும், நாலே நாளில் இன்னொன்று வரும். காரணம், வீட்டுக்குள் தேங்கியிருக்கும் ஈரம்.

எந்த இடத்தில் எந்தப் பூச்சி?

பீரோ, புத்தக அலமாரி: சில்வர்ஃபிஷ் பூச்சிக்குக் காற்றில் 75 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொண்டாட்டம். மாவுச்சத்துதான் விருந்து. பைண்டிங் பசை, தாள், கஞ்சி போட்ட காட்டன் சேலை, ஆல்பத்தில் உள்ள பழைய போட்டோ எதையும் விடாது.

சிங்க்கின் அடிப்பகுதி: கரப்பான் சாப்பாடில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. இரவில் சொட்டும் குழாயே அதற்குப் போதும்.

பாத்ரூம் சுவர்: இறக்கையை விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பூச்சிகள் முட்டையிடுவது சாக்கடைக் குழாயின் உள்ளே படிந்த வழவழப்பான அழுக்கில். சுவரில் அடித்துப் பயனில்லை. குழாய்க்குள் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும்.

கதவு நிலை: கரையான் மண்ணால் பாதை கட்டுவதே உடல் ஈரம் காயாமல் இருக்கத்தான். பாதையை உடைத்தால் மட்டும் போகாது. கூடு மண்ணுக்குள் இருக்கும். இதற்கு மட்டும் விவரம் தெரிந்த ஆளை அழைப்பதே நல்லது.

என்ன செய்யலாம்?

* பீரோவை பாத்ரூம் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். எந்தச் சுவரானாலும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.
* துணிகளை வெயிலில் போடுங்கள். பத்திரம், சர்டிஃபிகேட்டுகளை நிழலில், ஃபேன் காற்றில் உலர்த்துங்கள்.
* தாள் நன்றாக உலர்ந்த பிறகே பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.
* படுக்கப்போகும் முன் சிங்க்கைத் துடைத்துவிடுங்கள். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்.
* குழந்தைகளின் துணியில் நாப்தலீன் உருண்டை வேண்டாம். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அடுத்த ஸ்பிரே டப்பா வாங்கும் முன், பீரோவை நகர்த்திப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். கையில் ஈரம் பிசுபிசுத்தால், முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை!