பிள்ளையின் நாடியை எண்ணிப் பாருங்கள்



பிள்ளை இளைத்தால் நாவூறு என்கிறோம். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் குளிர் பிடித்துவிட்டது என்கிறோம். இரண்டுக்கும் இருதயம் காரணமாக இருக்கலாம் என்று நினைப்பதில்லை.

இருதயத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வில்தான் பெறுகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் குழம்பி, வாரக்கணக்கில் இரவு பகலாக இருதயம் வேகமாகவே துடித்தால், தசை களைத்து, இருதயம் வீங்கி, இரத்தத்தை இறைக்கும் வலு குறைந்துவிடும். பெரியவர்கள் “நெஞ்சு படபடக்கிறது” என்பார்கள். சிறுபிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. பால் குடிக்கையில் வியர்ப்பது, நிறை ஏறாதது, வயிற்றுநோ, சத்தி, விளையாட்டில் பின்வாங்குவது என்றுதான் அது வெளியே தெரியும்.

ஐந்து வயது தாண்டிய பிள்ளை அமைதியாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 110 வரை இருக்கும். கைக்குழந்தைக்கு 160 வரை போகலாம். காய்ச்சல் இல்லாமல், தூக்கத்திலும் வேகம் குறையாவிட்டால் வைத்தியரிடம் ஈ.சி.ஜி. கேளுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ 911தான்.

இருதயம் வீங்கியிருப்பதாகச் சொன்னால், “வேகமான துடிப்பே இதற்குக் காரணமா?” என்றும் கேளுங்கள். ஈ.சி.ஜி.யும் 24 மணிநேரப் பதிவும் அதைக் கண்டுபிடிக்க உதவும். காரணம் அதுவானால் நல்ல செய்தி. மருந்தாலோ, தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கோளாறான இடத்தைச் சுட்டோ துடிப்பைச் சீராக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளின் இருதயம் சில மாதங்களில் மீண்டும் வலுப்பெறும். மற்ற இருதயத் தசை நோய்கள் பலவற்றில் இப்படிச் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது எங்கள் மறைக்கும் பழக்கம். பெண்பிள்ளையென்றால் நாளைய கலியாணப் பேச்சு. வழக்கு முடியாத குடும்பமென்றால் விசாப் பயம். நானும் அகதியாக வந்தவன். அந்தப் பயம் தெரியும். ஆனால் அகதிக் கோரிக்கை நோயைப் பார்த்துத் தீர்க்கப்படுவதில்லை. ஏற்கப்பட்டவர்களின் நிரந்தர வதிவிடத்தை மருத்துவச் செலவைக் காட்டி மறுக்கவும் கனடாச் சட்டம் இடம் தராது.

செயின்ட்-மிஷேலில் நீல வழி மெத்ரோ ஏறினால், எங்கும் மாறாமல் சென்-ஜூஸ்தீன் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு அருகில் இறங்கலாம். தூரமும் சட்டமும் தடையில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம் மட்டும் தடையாக இருக்க விடலாமா?