ஏடு சொல்லாததை ஈயக்குண்டு சொல்லும்

1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்புலத்தினின்று முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, மட்டக்களப்பில் 4,000 பேரைக் காவற்படையாக நிறுத்தினான் என்பர். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களின் வரலாற்றைப் பேசுவோர் இவ்வொரு வரியையே திரும்பத் திரும்ப ஒப்புவிக்கின்றனர். ஆயின், இதனை எழுதிய கெய்ரோஸ் பாதிரியார் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர்; கோவாவிலிருந்து 1687 இல் தம் நூலை முடித்தவர்.

காவற்படையெனின், அவர்தம் கையில் துவக்கு இருந்ததா? அவர் எங்கே நின்று காத்தனர்? இவ்வினாக்களுக்கு ஏட்டில் விடையில்லை. மண்ணில் இருத்தல் கூடும். இரும்பு துருவேறி உதிரும். ஈயக்குண்டோ நூற்றாண்டுகள் கடந்தும் நிலைக்கும். இங்கிலாந்தில் 1485 இல் நிகழ்ந்த பொஸ்வர்த் போருக்கு நெடுங்காலம் ஒரு குன்றையே களமெனக் காட்டிவந்தனர். 2009 இல் வெளிப்பட்ட ஈயக்குண்டுகள், உண்மைக் களம் ஏறத்தாழ இரண்டு மைல் அப்பால் உள்ளதென நிறுவின.

அகழ்வாய்வுக்குப் பணமில்லை என்பது வெறுஞ்சாட்டு. கிணறு வெட்டுகையிலும் அத்திவாரம் தோண்டுகையிலும் வெளிப்படுவதைத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுசெய்யப் பொற்குவை வேண்டியதில்லை, கரிசனை போதும். ஒலுவிலிலே பல்கலைக்கழகம் இருக்கின்றது, மாணவரும் இருக்கின்றனர். மூதாதையர் அடைக்கலம் புகுந்தோர் மட்டுமா, ஆயுதந்தாங்கிக் காத்தோருமா என்பதைப் பகைவர் ஏட்டின் தயவில் விட்டுவைத்தல் கற்றோர்க்கு அழகன்று.